முதல் வருடத்திலேயே கேளுங்கள்: நம் கல்லூரிகளின் அறிவியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் அறிவியல் பாடம் நடத்தும் துறைத்தலைவர்களுக்கும், பேராசிரியர்களுக்கும், கௌரவ விரிவுரையாளர்களுக்கும் வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலையில் உங்கள் வகுப்புகளில் புதிதாகப் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். அவர்களில் சிலர் தீபாவளிக்குள் நின்றுவிடுகிறார்கள். அவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும், வருகைப் பதிவேட்டில் தெரிந்துவிடும். இன்னொரு கூட்டம் இருக்கிறது. மூன்று வருடமும் வருகிறது, அரியரை எல்லாம் முடிக்கிறது, பட்டமும் வாங்குகிறது, ஆனால் இரண்டாம் வருடம் முடிவதற்குள்ளேயே மனதளவில் அறிவியலை விட்டுப் போய்விட்டது. அந்தக் கூட்டம் எந்தப் பதிவேட்டிலும் தெரியாது. நான் எழுத வந்தது முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வட மாவட்டம் ஒன்றில் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். இப்போது மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை செய்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணலில் நானும் உட்காருவேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்கள் மாணவர்கள். எல்லாரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: வேதியியல் ஏன் எடுத்தீர்கள்? "இந்த சீட்தான் கிடைத்தது" என்று ஒருவர். "நீட் எழுதினேன், கிடைக்கவில்லை" என்று ஒருவர். "ஏதாவது ஒரு டிகிரி இருந்தால் குரூப் தேர்வு எழுதலாம் என்று அப்பா சொன்னார்" என்று ஒருவர். இந்தப் பதில்களில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. பதினேழு வயதில் கிடைத்த கதவு வழியாகத்தான் எல்லாரும் நுழைகிறோம். எனக்கு வருத்தம் தருவது அடுத்த கேள்விக்கு வரும் பதில். "சரி, மூன்று வருடம் படித்தபோது எதாவது பிடித்ததா?" என்று கேட்பேன். அப்போது வரும் மௌனம் இருக்கிறதே, அதற்கு அந்தப் பிள்ளை மட்டும் பொறுப்பில்லை.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை" என்று உங்களில் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கோபத்தில் சொல்வதில்லை, அலுத்துப் போய்ச் சொல்கிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: ஆர்வம் என்பது வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டிய பொருள், கொண்டுவராதவருக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது என்கிற நம்பிக்கை. இதைத்தான் நான் மறுக்கிறேன். கற்றலில் ஆர்வம் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்த சூசன் ஹிடி, ஆன் ரெனிங்கர் என்ற இருவர் 2006இல் அதை நான்கு கட்டங்களாகப் பிரித்து எழுதினார்கள். முதலில் வெளியே நடக்கும் ஏதோ ஒன்று கண நேரம் இழுக்கிறது. சூழல் கைகொடுத்தால் அது கொஞ்ச காலம் நிற்கிறது. அதற்கப்புறம்தான் மெல்ல மெல்ல அது ஆளின் சொந்த ஆர்வமாகிறது, கடைசியில் யாரும் தூண்டாமலே தொடர்கிறது. இதில் முதல் இரண்டு கட்டமும் பிள்ளையின் மனதுக்குள் மட்டும் நடப்பவை அல்ல. உங்கள் வகுப்பறையிலும் லேபிலும் நடப்பவை. நடுவில் ஆதரவு இல்லாவிட்டால் வளர்ந்த ஆர்வமும் பின்னால் போகும், காணாமலும் போகும்.

விட்டுப் போகிறவர்கள் படிப்பில் மட்டமானவர்கள் என்ற எண்ணமும் சரியில்லை. அமெரிக்காவில் எலைன் சீமோர், நான்சி ஹியூவிட் இருவரும் 1990களில் ஏழு கல்லூரி, பல்கலைக்கழகங்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். அறிவியலை விட்டவர்களிடமும் பேசினார்கள், விடாமல் அதிலேயே நிலைத்து நின்றவர்களிடமும் பேசினார்கள். இரண்டு தரப்பும் திறமையில் பெரிதாக வேறுபடவில்லை. ஆர்வம் வற்றிப்போனது, பாடம் நடத்திய விதம், இதைப் படித்து அடையப்போகும் வாழ்க்கை இவ்வளவு பாடுபடத் தகுமா என்ற சந்தேகம், இவையெல்லாம் நின்றவர்களுக்கும் இருந்தன. விட்டவர்கள் அதே பிரச்சினைகளைத் தாங்க ஒரு காரணம் கிடைக்காதவர்கள்.

அந்தக் காரணம் எது? அங்கேதான் வேலை என்கிற குறிக்கோள் வருகிறது. நம் ஊரில் இதைக் கொஞ்சம் கீழான விஷயமாகப் பார்க்கிற பழக்கம் உண்டு. "வேலைக்காகப் படிக்காதே, அறிவுக்காகப் படி" என்பார்கள். மாதக் கடைசியில் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்த பிள்ளைக்கு அது எட்டாத அறிவுரை. ராபர்ட் டாய் என்பவரும் அவருடைய சகாக்களும் 2006இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 1988இல் எட்டாம் வகுப்பில் இருந்த அமெரிக்கப் பிள்ளைகளிடம் முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று கேட்டு வைத்திருந்தார்கள், அவர்களில் யார் பட்டம் வாங்கினார்கள், எதில் வாங்கினார்கள் என்று 2000 வரை பின்தொடர்ந்த தரவு அது. கணக்கில் நடுத்தர மதிப்பெண் எடுத்தாலும் அறிவியல் சார்ந்த வேலையில் இருப்பேன் என்று சொன்ன பிள்ளை, இயற்பியல் சார்ந்த அறிவியலிலோ பொறியியலிலோ பட்டம் வாங்கும் வாய்ப்பு 34 சதவீதம். கணக்கில் சூரப்புலி, ஆனால் வேறு வேலை சொன்ன பிள்ளைக்கு அந்த வாய்ப்பு 19 சதவீதம்தான். மார்க்கைவிட, தன்னை எந்த வேலையில் கற்பனை செய்து பார்த்தான் என்பது கூடுதலாகக் கணித்துச் சொன்னது. அது வேறு நாடு, வேறு பள்ளிக்கூடம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நாம் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்து சீட் கொடுக்கிறோம், இன்டர்னல் மார்க்கை வைத்துப் பிள்ளையை எடைபோடுகிறோம், "நீ என்னவாக இருப்பதாக நினைக்கிறாய்" என்று ஒரு தடவை கூடக் கேட்பதில்லை.

உங்கள் முதலாம் ஆண்டு வகுப்பைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். விலங்கியலில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் மனதில் டாக்டர் ஆசை இன்னும் ஆறவில்லை. 2017இலிருந்து நீட் வந்த பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது. பி.எஸ்சி.யில் சேர்ந்துகொண்டே இன்னொரு தடவை எழுதிப் பார்க்கலாம் என்று வந்தவர்கள், அதுவும் போனதும் நர்சிங்குக்கோ லேப் டெக்னீஷியன் படிப்புக்கோ டி.சி. வாங்கிக்கொண்டு போகிறார்கள். கணிதத்தில் இருப்பவர்களில் நிறையப் பேருக்குக் கணினி அறிவியல் சீட் கிடைக்கவில்லை. இயற்பியலில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பையன் இரவு கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டு வந்தவன். அப்புறம், எங்கோ ஒருத்தி, பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை ஒருவரைப் பார்த்து அவரைப் போல ஆக வேண்டும் என்று வந்தவள். அந்தக் கடைசிப் பெண்தான் மூன்று வருடமும் தளராமல் படிக்கிறாள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். பி.எஸ்சி., பி.எட்., டெட் தேர்வு, பட்டதாரி ஆசிரியர் என்று அவளுக்கு வழி கண்ணுக்குத் தெரிகிறது. மற்றவர்களைவிட அவள் புத்திசாலி என்பதால் இல்லை, அறிவியலை வைத்துப் பிழைக்கும் ஒரு ஆளை அவள் நேரில் பார்த்திருக்கிறாள். நம் ஊர்ப் பிள்ளைகள் நேரில் பார்க்கும் அறிவியல் ஆள் ஆசிரியர் ஒருவர்தான். மீதி எல்லாரும் அவர்களுக்குக் காலண்டரில் இருக்கும் படம்.

ஆர்வமும் குறிக்கோளும் தனித்தனி என்று வைத்து நாம் தனித்தனி ஆளிடம் ஒப்படைத்திருக்கிறோம். ஆர்வம் பேராசிரியர் வேலை, குறிக்கோள் பிளேஸ்மென்ட் செல் வேலை. பிளேஸ்மென்ட் செல் மூன்றாம் வருடம் கண் விழிக்கும். அப்போது வருவது பெரும்பாலும் எந்த டிகிரியும் போதும் என்று சொல்லும் வேலைகள். நான் முதல்வன் திட்டம் 2022இல் வந்தபின் திறன் பயிற்சிகள் கல்லூரிக்குள் வருகின்றன, அது நல்லதுதான். ஆனால் வேதியியல் மாணவிக்கு வேதியியலோடு சம்பந்தமில்லாத பயிற்சியே கண்ணில் பட்டால் அவளுக்குப் போய்ச் சேரும் செய்தி என்ன? நீ படிக்கும் மேஜர் சோறு போடாது, இதுதான் போடும் என்பது. பிறகு மேஜரில் மனது எப்படி ஒட்டும்?

ஒரே ஒரு பரிசோதனையை எடுத்துச் சொல்கிறேன். உங்கள் லேபில் ஏற்கெனவே இருப்பதுதான், புதிதாக ஒரு ரூபாய் செலவில்லை. தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் அளவை, இ.டி.டி.ஏ. என்ற ரசாயனக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது, டைட்ரேஷன் என்கிறோமே அது. அம்மோனியா பஃபர் விட்டு பி.ஹெச். 10இல் வைத்து, எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி போட்டு, ஒயின் சிவப்பு நீலமாக மாறும்வரை விடுவது. உங்கள் மாணவர்கள் எல்லாரும் செய்திருப்பார்கள். எப்படிச் செய்தார்கள்? அட்டெண்டர் வைத்துவிட்டுப் போன பாட்டிலிலிருந்து, யாரோ கலக்கி வைத்த தண்ணீரில். மூன்று ரீடிங். ஒத்துவரும் ரீடிங் என்ன என்று சீனியர் அக்காவிடம் முந்தின நாளே கேட்டுத் தெரிந்துகொண்டு. வரவில்லையென்றால் பென்சிலால் திருத்தி, அப்புறம் பேனாவில் எழுதி. பிழை சதவீதம் கூடினால் மார்க் குறையும், அதனால் ரீடிங்கை விடைக்கு ஏற்றபடி வளைப்பது பழக்கமாகிறது. அந்தப் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். ஏற்கெனவே தெரிந்த விடையைத்தான் நாம் கேட்கிறோம், அவர்கள் அதையே கொடுக்கிறார்கள்.

அதே பரிசோதனைக்கு ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரட்டும். போர்வெல் தண்ணீர், ஊர்க் கிணறு, பஞ்சாயத்துக் குழாய், எதுவானாலும். இப்போது விடை யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. தன் வீட்டுத் தண்ணீர் 700 என்று வந்தால் அந்தப் பெண் ரீடிங்கைத் திருத்த மாட்டாள். இன்னொரு தடவை செய்து பார்ப்பாள், பக்கத்தில் இருப்பவளின் தண்ணீரோடு ஒப்பிடுவாள், அம்மா ஏன் பருப்பு வேகவில்லை என்று புலம்புகிறார், குடத்தில் ஏன் வெள்ளையாகப் படிகிறது என்பதெல்லாம் அவளுக்கு அங்கே வந்து சேரும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரி என்றால் அடுத்த வாரமே அங்கே நிலத்தடி நீரில் கூடிக் கிடக்கும் ஃபுளோரைடு பற்றிப் பேசலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதற்காக வந்தது, தன் பாட்டியின் பல் ஏன் பழுப்பாக இருக்கிறது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லைக்குப் பின்னால் எத்தனை பேருடைய முட்டி வலியும் முதுகு வலியும் இருக்கின்றன என்று அந்த வகுப்புக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, அவர்களே சொல்வார்கள்.

இங்கே நிறுத்தாதீர்கள். சொட்டுச் சொட்டாக விடும் அந்த அளவுக் குழாயை, பியூரெட்டை, கையில் வைத்திருக்கும்போதே இன்னொன்றும் சொல்லுங்கள். கால்சியம் மாத்திரையில் கால்சியம் சொன்ன அளவு இருக்கிறதா என்று பார்க்கவும் இதே இ.டி.டி.ஏ. டைட்ரேஷன்தான் பயன்படுகிறது. அதைச் செய்வது ஒரு வேலை. அதற்குச் சம்பளம் உண்டு. ஓசூரிலும், சென்னையைச் சுற்றியும், புதுச்சேரியிலும் அந்த வேலையைச் செய்யும் ஆயிரக்கணக்கான பேர் பி.எஸ்சி., எம்.எஸ்சி. வேதியியல் படித்தவர்கள். ராணிப்பேட்டையில் தோல், திருப்பூரில் சாயம், கடலூரில் ரசாயனம், எங்கே பார்த்தாலும் ஒரு லேப் இருக்கிறது, அதில் உங்கள் பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். பத்து நிமிடம் போதும் இதைச் சொல்ல. ஆர்வமும் குறிக்கோளும் அந்த ஒரு பியூரெட்டில் சேர்ந்து இருக்கின்றன, நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம்.

ரீடிங் விஷயத்துக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் இதில் என் வேலையும் உங்கள் வேலையும் நேருக்கு நேர் மோதுகின்றன. எங்கள் லேபில் ஒரு எண்ணை அடித்துத் திருத்தினால், யார் திருத்தினார், எப்போது, ஏன் என்று கையெழுத்தோடு எழுத வேண்டும். பழைய எண் படிக்கும்படி இருக்க வேண்டும். கணினியில் எடுத்த ரீடிங்கை அழித்தால் தடம் நிற்கும். தரவைத் திரித்ததற்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தியத் தொழிற்சாலைகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது, ஏற்றுமதி நின்றிருக்கிறது. வேலைக்கு வரும் புதியவர்களுக்கு முதல் சில மாதம் நாங்கள் கற்றுக்கொடுப்பதில் பாதி, பிடிக்காத விடை வந்தாலும் அப்படியே எழுதும் தைரியம். எதிர்பார்த்த விடை வராவிட்டாலும் வந்ததை அப்படியே எழுதினால் மார்க் குறையாது, ஏன் வரவில்லை என்று யோசித்து எழுதினால் மார்க் உண்டு என்று நீங்கள் முதல் செமஸ்டரிலேயே சொல்லிவிட்டால், பரிசோதனை அந்தப் பிள்ளைக்குச் சடங்காகத் தெரியாது. தன் கண்ணை நம்பலாம் என்று தெரிந்த பிறகுதான் அறிவியல் யாருக்கும் பிடிக்கும்.

இது வெறும் என் அபிப்பிராயமா என்றால், இல்லை. கிறிஸ் ஹல்மன், ஜூடித் ஹராகிவிச் என்ற இருவர் 2009இல் சயன்ஸ் இதழில் ஒரு சோதனையை எழுதியிருந்தார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி அறிவியல் வகுப்புகளில் ஒரு பகுதி மாணவர்கள் படித்த பாடத்தைச் சுருக்கி எழுதினார்கள். இன்னொரு பகுதி, அந்தப் பாடம் தங்கள் வாழ்க்கையோடு எப்படிச் சேர்கிறது என்று எழுதினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். தன்னால் இந்தப் பாடத்தில் தேற முடியாது என்று நினைத்திருந்த மாணவர்கள், வாழ்க்கையோடு சேர்த்து எழுதியபோது ஆர்வத்திலும் மதிப்பெண்ணிலும் முன்னேறினார்கள். ஆசிரியர் நீட்டி முழக்கிச் சொன்னதால் வந்த பலன் இல்லை, பிள்ளைகள் தாங்களே யோசித்து எழுதியதால் வந்தது. ரெக்கார்டு நோட்டில் "நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை" என்று எழுத வைக்கிறோமே, அதன் கடைசியில் ஐந்து வரி, இது என் வீட்டில், என் ஊரில் எங்கே வருகிறது என்று. தமிழில் எழுதட்டும். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் அதையும் சீனியரைப் பார்த்து எழுதுவார்கள்.

இனி வழி தெரியாமல் நின்றுபோகிற பிள்ளைகளைப் பற்றி. ஆர்வம் உண்டு, உண்மையாகவே உண்டு, ஆனால் அதற்கப்புறம் என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு இவர்களை நினைத்தால்தான் மிகவும் ஆற்றாமையாக இருக்கிறது. ஒன்றிய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய், அதில் 60,000 கையில், 20,000 கோடைக்கால ஆய்வுக்கு. முதல் வருடத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாம் வருடம் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டால் பிரயோஜனம் இல்லை. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டம் இருக்கிறது, தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் லேபில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், உதவித்தொகையும் தருகிறார்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு இருக்கிறது. பி.எஸ்சி. படித்தவர் சென்னை ஐ.ஐ.டி.க்குள் படிக்கப் போகலாம் என்பதையே நம்பாத மூன்றாம் வருட மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிஹெச்.டி. என்றால் கையைக் கடிக்கும் படிப்பு என்று வீட்டில் நினைக்கிறார்கள். தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள் என்று அந்த அம்மா அப்பாவிடம் நீங்கள் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

இந்த மாநிலத்தில் பார்க்க இடமா இல்லை? காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இலிருந்து இருக்கிறது. சென்னையில் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம், ஊட்டியில் காஸ்மிக் கதிர் ஆய்வகம், கொடைக்கானலில் 1899இல் அமைந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வான்நோக்ககம், பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல், திருச்சியில் வாழைக்கென்று ஒரு தேசிய ஆராய்ச்சி மையம். ஜவ்வாது மலையில் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1980களிலிருந்து நிற்கிறது. வாணியம்பாடி, திருப்பத்தூர்ப் பக்கம் இயற்பியல் படித்த பிள்ளை அதைப் பார்க்காமலே பட்டம் வாங்கினால் அது யார் குறை? குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி கல்லூரிகளின் இயற்பியல் துறைகள் இதை நாளிதழ்ச் செய்தியாக விட்டுவிடக் கூடாது. வருடா வருடம் சுற்றுலாவுக்கு வண்டி எடுக்கிறோம். அதில் ஒரு பொழுதை இப்படி ஓர் இடத்துக்கு ஒதுக்கினால், அங்கே வேலை செய்யும் ஒருவர், முடிந்தால் நம்மைப் போல சாதாரணக் கல்லூரியில் படித்த ஒருவர், பதினைந்து நிமிடம் பேசினால் போதும். கருவியைக் காட்டுவதைவிட அந்த ஆளைக் காட்டுவதுதான் முக்கியம். என்ன படித்தார், எத்தனை தடவை தோற்றார், சம்பளம் எவ்வளவு, வீட்டில் என்ன சொன்னார்கள், இதைக் கேட்கத்தான் பிள்ளைகள் துடிப்பார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் வகுப்புகளில் பாதிக்கு மேல் அவர்கள்தான். புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் 2022இலிருந்து பல பேரைக் கல்லூரியில் நிறுத்தி வைத்திருக்கிறது. ஆனால் கல்லூரியில் நிற்பது வேறு, அறிவியலில் நிற்பது வேறு. "லேபில் கெமிக்கல் வேலை, பெண்ணுக்கு ஆகாது", "ஷிஃப்ட் வேலையா, வேண்டாம்", "எம்.எஸ்சி. வேறு ஊரில் என்றால் படித்தது போதும்" என்று வீடு முடிவெடுக்கிறது, அந்த முடிவு மூன்றாம் வருடத்தில் வருவதில்லை, இரண்டாம் வருடத்திலேயே பேச்சு தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் துறையிலிருந்து ஒருவர் அந்த அம்மா அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினால், அதே துறையில் படித்து வேலையில் இருக்கும் ஒரு பெண்ணைக் கூட்டத்துக்கு அழைத்து வந்து காட்டினால், எத்தனையோ வீடுகளில் அந்தப் பேச்சு வேறு மாதிரி போகும். ரசாயனப் புகையை வெளியே இழுக்கும் புகைக்கூண்டில், கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு நாங்கள் எப்படி வேலை செய்கிறோம் என்று ஒரு படம் காட்டினாலே பாதி பயம் போய்விடும். நான் வரத் தயார். என்னைப் போல நிறையப் பேர் தயார். எங்களை யாரும் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தன்று எல்லாத் துறைகளிலும் சர் சி.வி. ராமன் படத்துக்கு மாலை போடுகிறீர்கள். அவர் கதையில் நாம் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. மாநிலக் கல்லூரியில் இயற்பியல் எம்.ஏ. முடித்த ராமன் 1907இல் போய்ச் சேர்ந்தது நிதித் துறைக் கணக்கு வேலையில். அறிவியலை வைத்துப் பிழைக்க அன்று வழியில்லை. பத்து வருடம் அந்த வேலையைப் பார்த்தார். அந்தப் பத்து வருடமும் அவருக்குள் இருந்த இயற்பியல் சாகாமல் இருந்ததற்குக் காரணம் அவருடைய மேதைமை மட்டும் இல்லை. கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம் அலுவலக நேரத்துக்கு வெளியேயும் அவருக்குத் திறந்திருந்தது. பிறகு 1917இல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி வந்தது, குறைந்த சம்பளத்துக்கு அதற்குப் போனார். ஆர்வத்துக்கு ஓர் இடம், அப்புறம் அதையே பிழைப்பாக்க ஒரு பதவி. இரண்டும் கிடைத்தன, 1930இல் நோபல் வந்தது. ராமானுஜனுக்குக் கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை, கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாததால் பறிபோனது. அவர் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை பார்த்தார். அவ்வளவு பெரிய ஆர்வத்துக்கே யாராவது ஒருவர் கதவைத் திறக்க வேண்டியிருந்தது என்றால், இப்போதுதான் துளிர்விடும் ஆர்வத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டியிருக்கும். அறிவியல் தினத்தில் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்துச் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு லேபில் ஐம்பது பேர், பாதி பியூரெட் ஒழுகும். காலிப் பணியிடங்கள். மதிப்பூதியத்தில் வருடக்கணக்காகக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள், அவர்களுடைய குறிக்கோளுக்கே வழி தெரியாதபோது அவர்கள் மாணவருக்கு வழிகாட்ட வேண்டும் என்று கேட்பது கொடுமை. அதை உயர்கல்வித் துறைதான் தீர்க்க வேண்டும், சீக்கிரம் தீர்க்க வேண்டும். கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்குக் காகிதம் தயாரிப்பதிலேயே உங்கள் மாலைகள் போகின்றன. அதனால்தான் பாடத்திட்டத்தை மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் கொடுத்த பரிசோதனையையே கேட்கிறேன், தண்ணீர் மட்டும் பிள்ளையின் வீட்டிலிருந்து வரட்டும்.

இன்னொன்றும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் அறிவியலிலேயே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. குரூப் நான்கு எழுதிக் கிராம நிர்வாக அலுவலர் ஆன இயற்பியல் மாணவரும், வங்கித் தேர்வு எழுதிய கணித மாணவியும் தோற்றவர்கள் அல்லர், அவர்கள் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள். கலாம் கூட திருச்சியில் இயற்பியல் பட்டம் முடித்துவிட்டுத்தான் குரோம்பேட்டைக்கு விமானப் பொறியியல் படிக்கப் போனார். விருப்பப்பட்டுப் போகிறவரை வாழ்த்தி அனுப்புங்கள். என் வருத்தம், இங்கே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே போகிறவர்களைப் பற்றியது. பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வது அவர்கள் உரிமை. பார்க்க வைப்பது நம் கடமை.

ஆகவே இந்த வருடம் முதலாம் ஆண்டு வகுப்பு தொடங்கும் முதல் வாரத்தில் ஒரு தாள் கொடுங்கள். பெயர், மதிப்பெண் எல்லாம் விண்ணப்பத்தில் இருக்கிறது, அது வேண்டாம். இந்தப் பாடத்தை ஏன் எடுத்தாய், உண்மையைச் சொல்லலாம். முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பதாக நினைக்கிறாய். அறிவியல் படித்து வேலையில் இருக்கும் யாரையாவது நேரில் தெரியுமா. இந்த மூன்று கேள்வி போதும். வாங்கிப் பீரோவில் பூட்டாமல் படியுங்கள். மூன்றாவது கேள்விக்கு "தெரியாது" என்று எழுதியவர்களை எண்ணுங்கள், அந்த எண் உங்களைத் தூங்க விடாது. அதே தாளை அவர்களிடமே இரண்டாம் வருடத் தொடக்கத்தில் மறுபடி கொடுங்கள், என்ன மாறியது என்று தெரியும். டி.சி. வாங்க வரும் பிள்ளையிடமும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, ஏன் போகிறாய் என்று கேளுங்கள். "சொந்தக் காரணம்" என்று படிவத்தில் எழுதியிருப்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் பழைய மாணவர் பட்டியலை எடுங்கள். முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்துக்கு மேடையில் உட்காரப் பெரிய பதவியில் இருப்பவர்களைத் தேடுகிறீர்கள். அவர்களோடு லேபில், தொழிற்சாலையில், பள்ளிக்கூடத்தில், தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் எங்களையும் தேடுங்கள். ஒரு சனிக்கிழமை மதியம் போதும். மாலை, பொன்னாடை ஒன்றும் வேண்டாம், பேருந்துக் காசும் நாங்களே போட்டுக்கொள்கிறோம். சம்பளம் எவ்வளவு என்று பிள்ளைகள் கேட்டால் தொடக்கத்தில் குறைவுதான் என்று உண்மையைச் சொல்வோம், அதற்குமேல் எப்படி ஏறும் என்பதையும் சொல்வோம், எம்.எஸ்சி. படித்தால் என்ன மாறும், கருவிகளைத் தெரிந்துகொண்டால் என்ன மாறும் என்றும் சொல்வோம். முதலாம் ஆண்டு மாணவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

தேதியை மட்டும் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வசதியாக இரண்டு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் பழைய பி.எஸ்சி. வேதியியல் மாணவி ஒருத்தி